பதினொன்றை மூன்றாக்கிய சல்லடைச் சேட்டன்

இந்திய அரசியல் சாசனத்தை எழுதி முடித்த கையோடு சல்லடைச் சேட்டனிடம் ஒரு தடவை காட்டியிருந்தால், அது இன்று ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கியிருக்கும். நம்பாதவர்கள் அவருடைய கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்களிடம் விசாரிக்கலாம். கொச்சி மட்டாஞ்சேரியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். "ஞாயிறு கல்யாணம். பசியோடு வரவும்." அவ்வளவுதான். பெண் யார் என்பதுகூட அதில் இல்லை. கேட்டவர்களிடம், "வந்தா கண்டுக்கலாம்லா?" என்றாராம்.

அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் சல்லடை பிடிப்பவர். சாக்கில் கையை விட்டு ஒரு பிடி மிளகு எடுத்து, சல்லடையில் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டுவார். தூசியும் காம்பும் கீழே விழும். பதரை வாயால் ஊதித் தள்ளுவார். மிச்சத்தில் ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் "கொள்ளாம்" என்பார், இல்லையென்றால் "போரா". மிளகுக்கு மட்டுமில்லை, மனிதர்களுக்கும் சினிமாவுக்கும் கட்சிக்காரர்களின் மேடைப் பேச்சுக்கும் இதே முறைதான். மேடைக்கு முன்னால் நின்றே ஊதுவார்.

நான் சேர்ந்தது மாடியில், மனிதவளப் பிரிவில். அப்பா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. அவருக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடத்துக்குள் போய், அதை முடித்து, கல்லூரியையும் முடித்துவிட்டு வெளியே வந்த முதல் ஆள் நான். இதை அடக்கத்தோடு சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பஸ்ஸில் உட்காரும்போது, கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைப் பக்கத்து சீட்டுக்காரர் படிக்க வசதியாகத் திருப்பி வைத்துக்கொள்வேன். ஒரே குறை, முதல் ஆறு மாதம் வேலை தற்காலிகம்.

அந்த ஆறு மாதத்தில்தான், பெங்களூரிலிருந்து வந்த எங்கள் மேனேஜர் மேடம் கம்பெனிக்குக் கலாசாரம் கொண்டுவந்தார். அதுவரை எங்களிடம் அது இல்லை போலிருக்கிறது. நாற்பது பக்கப் புத்தகம், அதில் பதினொரு விழுமியங்கள். அதை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, கோடவுன் ஆட்களுக்கு மனப்பாடம் ஆக்குவது என் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து மிளகு வாங்குகிறவர் வந்து பார்க்கும் நாளில், யாரைக் கேட்டாலும் பதினொன்றும் வர வேண்டும். "வந்தால் உன் வேலை நிரந்தரம்," என்றார் மேடம். வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வகுப்பு மிளகு பொறுக்கும் இடத்திலேயே நடந்தது. பெண்கள் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்: "விழுமியம் ஒன்று. இடையறாத உன்னதத்தை நோக்கிய கூட்டுப் பயணம்."

பின்னாலிருந்து சல்லடைச் சேட்டன் கையைத் தூக்கினார்.

"மோளே, இதை ஆரு செய்யணும்?"

"எல்லாரும்."

"எப்போ?"

"எப்பவும்."

"எவிடெ?"

"எல்லா இடத்திலயும், சேட்டா."

அவர் உதட்டைக் குவித்து ஊதினார். "பதர். அடுத்தது வாசி."

முன்வரிசையில் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த செல்வி அக்கா சிரித்த சிரிப்பில் முறம் கவிழ்ந்து, வகுப்பு பாதியிலேயே முடிந்தது.

அடுத்து மேடம் 'காலை வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். எல்லோரும் வட்டமாக நின்று, இன்றைய மனநிலையை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். ஒரே சொல் என்றதும் சேட்டனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முழங்கால்," என்றார். அடுத்தவர் "இடுப்பு" என்றார். அதற்கடுத்தவர் "கடவாய்ப் பல்". மூன்றாவது நாளே வட்டம் தர்ம ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது. "காலையில் நேராக வேலைக்குப் போங்கள்," என்று மேடமே சொல்லிவிட்டார்.

கோணியூசிக்கும் கலாசாரம் வந்தது. ஓர் ஊசி வேண்டுமென்றால் ஒரு படிவம், ஐந்து கையெழுத்து. சேட்டன் படிவத்தைத் தொடவில்லை. கிழிந்த சாக்கை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். படிக்கட்டு முழுக்க மிளகு கொட்டியது. மேடத்தின் மேஜையில் சாக்கை இறக்கி, "இதான் ஃபாரம்," என்றார். மேடம் தொடர்ந்து எட்டுத் தும்மல் போட்டார். ஒன்பதாவதற்கு முன்னால் ஊசி வந்துவிட்டது.

இதையெல்லாம் நானும் ரசித்தேன், ஒரு திங்கட்கிழமை வரை. அன்று காலையில் கோடவுன் கதவில் சாக்கட்டியால் மலையாளத்தில் மூன்று வரி எழுதியிருந்தது: கண்டதைச் சொல்லு. தெரியாததைக் கேளு. வழியில் சாக்கு வைக்காதே.

"என்ன சேட்டா இது?"

"உன் புஸ்தகம். சலிச்சது."

"பதினொண்ணு இருந்துச்சே! மீதி எட்டு எங்க?"

"ஊதியாச்சு."

"உங்களுக்கு எல்லாம் தமாஷ். அவங்க வர்ற அன்னிக்கு இதைப் போய்ச் சொன்னா என் ஜோலி போயிடும். எங்க அப்பா தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்காரு, தெரியுமா?"

அவர் சாக்கு எண்ணப் போய்விட்டார். நான் ஈரத் துணியால் மூன்று வரியையும் அழுத்தித் துடைத்தேன். மறுநாள் அதே கதவில் அதே மூன்று வரி. இந்தத் தடவை பெயின்ட்.

லாரி டிரைவர்களுக்குக்கூட அது மனப்பாடமாகிவிட்டது. மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த என் பதினொன்றில், செல்வி அக்காவுக்கு வந்தது இரண்டரை.

வாங்குகிறவர் வருவதற்கு முந்தின இரவு கொச்சி முழுவதும் பேய்மழை. மறுநாள் உச்சிப்பொழுதில் அவர் வந்தார், வெள்ளைத் தலைமுடியோடு ஒரு பெரியவர். மேடம் ஒரு பக்கம், மொழிபெயர்க்க நான் மறு பக்கம். நேராக செல்வி அக்காவிடம் போய், இந்தக் கம்பெனியில் முக்கியமானது என்ன என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"கண்டதைச் சொல்லணும், சாரே. நேத்து மழையில ஜன்னல் பக்கம் பன்னெண்டு சாக்கு நனைஞ்சுபோச்சு. தனியா மாத்தி வெச்சிருக்கோம். மேடத்துக்கு இன்னும் தெரியாது."

தமிழ் அரைகுறையாகப் புரிகிற மேடத்தின் சிரிப்பு, 'மேடத்துக்கு' என்ற சொல்லில் உறைந்தது. அந்தப் பெரியவருக்கும் உண்மைக்கும் நடுவில் நான் மட்டும்தான். 'இடையறாத உன்னதம் என்கிறார்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் வேலை நிரந்தரம். அந்த வாக்கியம் இலக்கண சுத்தமாக நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. சேட்டன் பக்கம் திரும்பினேன். அவர் மிளகைக் கடித்தபடி ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அக்காவோ, தான் சொன்னது சரியாகப் போய்ச் சேருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே சொன்னேன். பன்னிரண்டு சாக்கு, ஜன்னல், எல்லாம். 'மேடத்துக்கு இன்னும் தெரியாது' என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

பெரியவர் போய் நனைந்த சாக்குகளை முகர்ந்து பார்த்தார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டிருந்தார். "காலையிலிருந்து மூன்று கோடவுன் பார்த்துவிட்டேன். எங்கேயும் ஒரு சொட்டுகூட விழவில்லை என்கிறார்கள். கொச்சியிலேயே மழை இங்கே மட்டும்தான் பெய்திருக்கிறது," என்றார். நனையாத சாக்குகள் அத்தனைக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு, கதவைப் படம் எடுத்துக்கொண்டார். மேடம் ஓடிப்போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்று, "எங்கள் கலாசாரத்தை எளிமைப்படுத்தியிருக்கிறோம்," என்றார். பாதி பெயின்ட்டை அவரே அடித்தது போல.

அந்த வாரமே வேலை நிரந்தரமான கடிதம் தபாலில் வீட்டுக்கு வந்தது. மலையாளத்தில் நான்கு பக்கம். தட்டச்சு செய்ததும் நானேதான். அப்பா அன்று மதியமே அதை எடுத்துக்கொண்டு, மாநகராட்சி யூனிபார்மோடு நேராகக் கோடவுனுக்கு வந்துவிட்டார். நான் படிக்கக் கையை நீட்டினால் கொடுக்கவில்லை.

"நீ வாசிச்சா உனக்குப் பிடிச்சதை மட்டும் வாசிப்பே. வேற ஆள் வாசிக்கட்டும்," என்று சொல்லி, பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். நின்றவர் சல்லடைச் சேட்டன்.

தொலைந்தது என்று நினைத்தேன். 'ஜோலி உறச்சு', அதாவது வேலை உறுதி, என்று இரண்டே சொல்லில் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிடப் போகிறார். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் அப்பா இரண்டு சொல்லோடு வீட்டுக்குப் போகப் போகிறார்.

சேட்டன் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி, முண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். அப்பாவை ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து ஆரம்பித்தார். என் பெயர், பெயருக்குப் பின்னால் உள்ள பட்டம், விடுப்பு விதிகள், சீருடை விதிகள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த கம்பெனி முகவரி, நான்கு தடவையும். முடிந்ததும் அப்பா, "ஒருக்கா கூடி," என்றார். சேட்டன் முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் ஆரம்பித்தார்.

ஒரு சொல்லைக்கூட அவர் ஊதவில்லை.