முன் இருக்கையில் மூன்று மாவு மூட்டை

என்டோலா
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கசோண்டே அவர்களுக்கு,

உங்கள் தங்கையை மணந்த புண்ணியத்தால் உங்களுக்கு உறவான மலாமா பணிவோடு எழுதுவது. இங்கே நானும் சிதாலுவும் நலம். கோழிகளும் நலம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை, விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உங்களைக் காரில் ஏற்றாமல் ஆராதனைக்குப் போனேன் அல்லவா? முதல் வாரம் டயர் என்றேன், அடுத்த வாரம் பெட்ரோல், அதற்கடுத்த வாரம் வயிறு. மூன்றும் பொய். பொய் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்து, மழையில் நடந்து வந்த நீங்கள் நனைந்த சட்டையோடு தாழ்குரலில் பாடியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மதியம் என் பங்கு ந்ஷிமாக் களியைக் கோழிகளுக்குப் போட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். என் காரில் எஞ்சின் விளக்கு எரியும், அணையும். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று உண்டாம், அதுதான் கெட்டது என்று முதல் மெக்கானிக் புதிதாக மாட்டினார், விளக்கு எரிந்தது. இரண்டாமவர் அதையும் கழற்றி வேறொன்றை மாட்டினார், எரிந்தது. மூன்றாவதாகப் போனது கங்வா என்ற பெண்ணிடம். அவள் பட்டறை வாசலை மிதித்ததும் விளக்கு, டாக்டரைப் பார்த்த பல்வலி மாதிரி, காணாமல் போய்விடும். அவள் எதையும் மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள். விளக்கு எரியும் நாளில் எந்தச் சாலை, மழையா வெயிலா, வண்டியில் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், எழுதாமல் இருப்பேனா? ஆறு வாரம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். நீங்கள் ஏறிய நாளில் மட்டும்தான் விளக்கு எரிந்திருக்கிறது. உங்களுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், அது என் எஞ்சினில் இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் மூன்று வாரம் உங்களை ஏற்றவில்லை, விளக்கும் எரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வெற்றி வீரனாகக் கங்வாவிடம் போனேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க மச்சான் என்ன உயரம் ஐயா?"

வாசலில் குனிந்துதான் நுழைவார் என்றேன். அப்படியென்றால் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளித்தானே உட்காருவார் என்று சொல்லி, தானே தள்ளினாள். ஒன்றும் ஆகவில்லை. உங்கள் எடையைக் கேட்டாள். குத்துமதிப்பாக, கொஞ்சம் குறைத்தே சொன்னேன். பக்கத்துக் கடையிலிருந்து மூன்று சோளமாவு மூட்டையை வரவழைத்து, உங்கள் இடத்தில் உட்காரவைத்தாள். அவள் கையிலிருந்த சென்சார் சோதிக்கும் கருவியில் எண் பொத்தென்று விழுந்தது, விளக்கு எரிந்தது. ஒரு மூட்டையை இறக்கினாள், எண் எழுந்தது. கம்பளத்தைத் தூக்கிக் காட்டினாள். சென்சாருக்குப் போகும் கம்பி இருக்கையின் தண்டவாளத்துக்கு அடியில் நசுங்கி, தோலுரிந்து கிடந்தது.

"சென்சார் மேலயும் தப்பில்ல, உங்க மச்சான் மேலயும் தப்பில்ல. பாவம், பெரியவரை நடக்க விட்டுட்டீங்களே."

அந்தப் பெண் நூறு வருடம் இருக்க வேண்டும். கம்பியைச் சுற்றி, வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். மூட்டைகளை மறுபடி ஏற்றி ஊரையே சுற்றினோம். விளக்கு கண் திறக்கவில்லை. உங்களைச் சந்தேகப்பட்ட பாவிக்கு இரண்டு நன்மை: காரும் கிடைத்தது, உறவும் போகவில்லை. போகவில்லைதானே? வரும் ஞாயிறு ஏழு மணிக்கு வாசலில் நிற்பேன். இருக்கையை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிக்கொள்ளுங்கள். சிதாலுவுக்கு இதொன்றும் தெரியாது. அவள்தான் விடியற்காலையிலேயே பெண்கள் குழுவோடு போய்விடுகிறாளே. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் குரலும் முழங்காலும் கர்த்தர் கிருபையால் நெடுநாள் உறுதியாயிருக்கட்டும்.

நன்றியுடனும் வெட்கத்துடனும்,
மலாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சிதாலு படித்துவிட்டாள். நீங்கள் இருக்கையைத் தொட்டதே இல்லையாம். அண்ணனுக்குக் கால் நீளம் என்று சனிக்கிழமைதோறும் கார் துடைக்கும்போது தள்ளி வைப்பது அவள்தானாம். நான் சொன்ன டயர் கதை பொய் என்பதையும் முதல் வாரமே உங்களிடம் சொல்லிவிட்டாளாம். "அவனாச் சொல்லட்டும், அதுவரை நான் நடந்தே போய்க்கிறேன்" என்றீர்களாம். ஆக, இந்தக் கடிதத்தில் உங்களுக்குத் தெரியாத சேதி மாவு மூட்டை மட்டும்தான்.