கத்தாமல் ஒரு காலை

“பிரஷ்ஷ எடு” என்றான் தேவேந்திரன்.

ஜோஷிகா எடுத்தாள்.

“சூப்பர்டா கண்ணு!”

அவள் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். “அடுத்து இன்னாப்பா?”

தேவேந்திரனுக்கு வியர்த்தது. ஒன்பது வயது மகளுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒரு இடத்தில் நிற்காத பிரச்சினை, இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவனும் மனைவி கலைவாணியும் லில்லி மேடம் நடத்தும் பெற்றோர் பயிற்சி வகுப்புக்குப் போகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். செய்த உடனே பாராட்ட வேண்டும். கத்தவே கூடாது. கோபம் வந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். வகுப்பில் பலமாகத் தலையாட்டுவது தேவேந்திரன். காலையில் பிள்ளையைக் கிளப்புவதென்னவோ கலைவாணி. நேற்று அவள் மகளைப் பள்ளியில் விட்ட கையோடு, அக்காவின் பிரசவத்துக்கு மாகறல் போய்விட்டாள்.

“நான் வர்ற வரைக்கும் நீங்கதான். லேட்டாப் போயி வெளிய நின்னு அழுவுது பொண்ணு. அந்த அழுகை இனிமே கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“பேஸ்ட்டு வை… சூப்பர்! தேய்… சூப்பர்! துப்பு… சூப்பர்!”

பல் தேய்ப்பதற்குள் தெரு முழுக்கத் தறிச் சத்தம் கிளம்பிவிட்டது. இது ஆகாது என்று தேவேந்திரன் போனில் டைமர் வைத்தான். “மணி அடிக்கறதுக்குள்ள யூனிபார்ம் போட்டா நீ ஜெயிச்ச!”

ஜோஷிகாவுக்கு டைமர் ரொம்பப் பிடித்துவிட்டது. மணி அடிப்பதற்குள் கூடத்தில் இருந்த அப்பாவின் தறியை எத்தனை சுற்று வரமுடியும் என்று பார்க்க ஓடினாள். வழியில் ஜரிகை நூல் சுற்றிய கட்டை ஒன்று காலில் மாட்டி உருண்டது. கூடம், சமையலறை, கொல்லை எல்லாம் ஜரிகை.

தேவேந்திரன் வாயைத் திறந்தான். மூடினான். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான்.

ஜோஷிகா நின்று அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். “ப்பா, நீ கத்தலை!” அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைத் தேடி எடுத்து வந்து, அவன் நெற்றியில் ஒன்றை ஒட்டினாள். “சூப்பர்பா!”

இட்லியைப் பூனைக்கு ஊட்டியபோது இன்னொரு சொம்பு, இன்னொரு பொட்டு. யூனிபார்மில் சாம்பார் சிந்தியபோதும் அப்படியே. கறையைத் துடைக்கிறேன் என்று அவன் ஈரத்துணியால் தேய்க்க, அது அகலமானது. இஸ்திரி போட்டுக் காயவைக்க, அச்சாகப் பதிந்தது. அந்தத் தப்பு அவனுடையது என்பதால் தண்ணீர் மட்டும்தான், பொட்டு கிடைக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் குடித்த தண்ணீரெல்லாம் வேலையைக் காட்டியது. கொல்லைக்கு ஓடித் திரும்பினால் வண்டிச் சாவியைக் காணோம்.

“டென்ஷன் ஆவாதப்பா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. கடைசியா கையில இன்னா வெச்சிருந்த?”

“உன் டிபன் டப்பா…”

சாவி இட்லிகளுக்கு நடுவில் படுத்திருந்தது.

வண்டி பறந்தது. வழியில் யூனிபார்ம் போட்ட பிள்ளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ‘எல்லாரும் போயாச்சு!’ என்று இன்னும் முறுக்கினான். ஷேர் ஆட்டோவில் இருந்த பெண்கள் அவன் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் மரியாதைக்குச் சிரித்து வைத்தான். முதுகுக்குப் பின்னால் ஜோஷிகா பாடிக்கொண்டே வந்தாள். பிள்ளை அழவில்லை. அது போதும் அவனுக்கு.

பள்ளி கேட் பாதி திறந்திருந்தது. வாட்ச்மேன் சிட்டிபாபு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜோஷிகா குதித்து இறங்கி உள்ளே ஓடினாள்.

“பெல்லு அடிச்சிட்டாங்களாண்ணே?” தேவேந்திரனுக்கு மூச்சு வாங்கியது.

“இன்னிக்கு ஏதுப்பா பெல்லு? சனிக்கிழமை. டீச்சருங்களுக்கெல்லாம் ட்ரெயினிங்கு. பசங்களுக்கு லீவு.”

“லீவா! இவளுக்குத் தெரியாதா?”

சிட்டிபாபு டீ கிளாஸைக் கீழே வைத்தார். “தெரியாமயா? ‘திங்கக்கெழமைலேர்ந்து எங்கப்பாதான் என்னைக் கிளப்பணும், பாவம், பழக்கமில்லை. நாளைக்கு இட்டுக்கினு வந்து ஒரு ட்ரையல் பாத்துடறேன், கேட்டை மட்டும் தொறந்து வைங்க அங்கிள்’னு நேத்தே சொல்லிட்டுப் போச்சுப்பா!”