ஃபோர்மேன் வெட்டிய மழைக்குழி

பெங்களூரில் மழையோடு மல்லுக்கு நின்று ஜெயித்த ஒரே ஆசாமி எங்கள் ஃபோர்மேன்தான். நம்பாதவர்கள் பொம்மனஹள்ளிக்கு வரலாம், காபி போட்டுக் கொடுத்து நிரூபிக்கிறேன்.

பீன்யாவில் ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் மனைவியே "ஃபோர்மேன் சாப்பிட வரலையா?" என்றுதான் மாடியிலிருந்து குரல் கொடுப்பார். எங்கள் அபார்ட்மெண்டில் அவருக்கு மூன்றாவது மாடி, எனக்குத் தரைத்தளம். அதாவது மழை பெய்தால் அவர் வீட்டில் பஜ்ஜி, என் வீட்டில் பக்கெட்.

கட்டடத்தைச் சுற்றி ஒரு அங்குலம் விடாமல் சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள். மொட்டைமாடித் தண்ணீர் மொத்தமும் கார்களைக் கழுவிவிட்டு, வாசலில் கிடக்கும் செருப்புகளையும் கூட்டிக்கொண்டு என் ஹாலுக்குள் வரும். மெத்தை போயிற்று, ஃப்ரிட்ஜ் போயிற்று. இன்னொரு தரம் வந்தால் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்துவிட்டோம். கடன் போட்டு வாங்கிய வீடு, சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது.

இது ஃபோர்மேன் காதுக்குப் போனது. மறுநாள் காலையில் கடப்பாரையோடு இறங்கி வந்துவிட்டார்.

"தண்ணி மேல இன்னாம்மா தப்பு? அது போற எடத்தயெல்லாம் மூடி வெச்சிட்டு, ஊட்டுக்குள்ள வருது வருதுன்னா?"

கார்களுக்கும் என் வாசலுக்கும் நடுவே சிமெண்டைப் பெயர்த்து, அகலமாக ஒரு பள்ளம் வெட்டினார். ஜல்லி, மணல், எருக் கலந்த மண் என்று வரிசையாகப் போட்டு, மேலே கல்வாழையும் சேம்பும் நட்டார். ஓடி வரும் மழை அங்கே தங்கி, மண்ணுக்குள் இறங்க வேண்டுமாம். அசோசியேஷன் செக்ரட்டரி வந்து யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்றார். மழை யாரைக் கேட்டு வருது என்றார் இவர். ஒரு பெரிய மழை பார்க்கிறேன், தோற்றால் மறுநாளே சிமெண்ட் என்று சொல்லிவிட்டுப் போனார் செக்ரட்டரி.

முதல் சிறு மழைக்கே மானம் போனது. தண்ணீர் இறங்காமல் எருமைக் குட்டை மாதிரி நின்றது, கொசு பாடியது. காரணம், எதிர் மெஸ்ஸுக்குச் சாப்பிட வரும் பையன்கள் அதன்மேல் பைக்கை ஏற்றி நிறுத்தி, மண்ணைத் தரையாக இறுக்கியிருந்தார்கள். ஃபோர்மேன் அசரவில்லை. மண்ணைத் திரும்பக் கிளறிவிட்டு, ஒரு பலகை எழுதி நட்டார்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மழைநீரை உறிஞ்சும் குழிக்குக் கன்னடத்தில் 'இங்கு குண்டி' என்று பெயர். 'குரு' என்னும்போது வருகிற 'கு'வைப் போட்டுச் சொன்னால் ஒரு வம்பும் இல்லை. ஃபோர்மேன் கன்னட மீடியம். தமிழ் வாயில் மட்டும்தான், எழுத்தெல்லாம் சினிமா போஸ்டரில் கற்றது. பைக் பையன்கள் தமிழர்களாயிற்றே என்று தமிழிலேயே எழுதிவிட்டார்:

'இங்கு குண்டி. தயவுசெய்து மிதிக்காதீர்கள். இப்படிக்கு, ஃபோர்மேன்.'

தெருவே திரண்டு வந்தது. என் கணவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது. தமிழில் எழுதினால் அதை மனிதனின் பின்பக்கம் என்றுதான் படிப்பார்கள் என்று நான்தான் கூச்சத்தோடு அவருக்கு எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"எல்லாரும் படிக்கிறாங்க இல்ல? அப்ப இருக்கட்டும்."

செக்ரட்டரி தலையில் அடித்துக்கொண்டு பிடுங்கச் சொன்னார். ஃபோர்மேன் அசைந்து கொடுக்கவில்லை. அதற்கப்புறம் எந்தப் பையனும் அந்தப் பக்கம் டயரை வைக்கவில்லை. வைத்தால் நண்பர்கள் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மண் பொலபொலவென்று அப்படியே கிடந்தது.

ஒரு சாயங்காலம் பெரிய மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் நிரம்பி, கல்வாழையின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. புது ஃப்ரிட்ஜைப் பெஞ்சின்மேல் ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்தால், ரெயின்கோட்டோடு பள்ளத்தின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். காய்ச்சல் வரும், எழுந்து போங்கள் அண்ணா என்று கெஞ்சினேன்.

"நீ உள்ள போம்மா. அது எறங்கட்டும், நானும் எந்திரிக்கிறேன்."

தண்ணீர் என் படியைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. மெல்ல மெல்லத் தண்ணீர் படியை விட்டு இறங்கிய பிறகுதான் அவர் எழுந்தார். மறுநாள் காலை பள்ளத்தில் ஈரமண் மட்டும்தான் இருந்தது. செக்ரட்டரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கமும் இதே மாதிரி ஒன்று வெட்டலாமா என்று கேட்டார். பின்பக்கம் என்று அவர் சொன்னதற்கு ஏன் எல்லாரும் சிரிக்கிறோம் என்று பாவம் அவருக்கே புரியவில்லை.

வீட்டை நாங்கள் விற்கவில்லை. ஃபோர்மேன்தான் மனைவியோடு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பெங்களூரில் மழை என்று டிவியில் சொன்னால் போதும், போன் வரும். "உள்ள வந்துச்சா?" வரவில்லை என்றால் "சரி" என்று வைத்துவிடுவார். நானாகக் கூப்பிட்டால் மழையா என்பார். இல்லை என்றால், அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே என்பார்.

இந்த வருஷம் மழை சரியாகப் பிடிக்கவில்லை. அண்ணன் குரலைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று, நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.