மூக்குக்கண்ணாடி எடுக்கப் போனவர்

கட்சியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவரும், அதற்கு முன்பே எனக்கு அண்ணனுமாகிய தங்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் மாப்பிள்ளை, அதாவது சட்டசபையின் எதிர்க்கட்சித் தலைவர், முந்தாநாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் எதையும் எதிர்க்காமல், போட்டதைப் போட்டபடி சாப்பிடுகிறார். குழம்பில் உப்பு போட மறந்ததைக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

வெளிநடப்புச் செய்த தலைவர் திரும்பி உள்ளே போய் ஆளுங்கட்சிக்கு முட்டுக்கொடுத்துவிட்டார், பதவியைப் பறிக்க வேண்டும் என்று கொறடா உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாராம். கொறடாவுக்கு வாய் நீளம். நானோ பார்வையாளர் மாடத்திலிருந்து கண்ணால் கண்டவள். ஒரு சின்ன வேலையாக அங்கே போயிருந்தேன். குழு கூடும்போது இதைச் சாட்சியமாக வாசித்துவிடுங்கள்.

எதிர்க்கட்சித் தலைவர் என்றால் கத்துவதுதான் வேலை என்று ஊர் நினைக்கிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மந்திரி வீட்டுக் கதவு திறக்காது. ஜனங்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு, சபையில் போய்ச் சொன்னால் மைக்கை அணைக்கிறார்கள். காரியம் நடந்தால் பெயர் மந்திரிக்கு, நடக்காவிட்டால் "நீங்க என்னத்தக் கிழிச்சீங்க?" என்ற கேள்வி இவருக்கு. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளமாக இருக்கிறார்.

அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். ஆளுங்கட்சியில் பாதிப் பேர் யாரோ ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணத்தில். பொதுப்பணி மந்திரி எழுந்து தங்கள் ஆட்சியின் பெருமையை அளக்க ஆரம்பித்தார், அவர் எழுந்தால் இவரும் எழுந்துவிடுவது பழக்கதோஷம், "இந்த ஏமாத்து வேலைக்கு நாங்க சாட்சியா இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு நம் ஆட்களை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நிகழ்ச்சி நிரலை ஒருமுறை படித்திருந்தால் உட்கார்ந்திருப்பார். படிக்கவில்லை. நான் படியிறங்கித் தாழ்வாரத்துக்கு வரும்போது ஒலிபெருக்கியில் மந்திரியின் குரல்: "எதிர்க்கட்சித் தலைவர் பல வருடங்களாகக் கேட்டுவந்த ரயில்வே கேட் மேம்பாலத்துக்கான மசோதா இது." இவர் முகம் செத்துப்போயிற்று. எந்தக் கேட் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு மணி அடிக்க ஆரம்பித்தது. சபையில் இத்தனை பேராவது இருந்தால்தான் எதையும் நிறைவேற்றலாம் என்று ஒரு கணக்கு உண்டல்லவா, எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு தலை குறைகிறது. மணி நிற்பதற்குள் யாரும் வராவிட்டால் சபை கலையும், கூட்டத்தொடர் முடியும், பாலம் பழையபடி காற்றில் நிற்கும். கொறடா வாசலை மறித்துக்கொண்டு, "தலைவரே, வெளிய வந்தா வந்ததுதான். இப்ப உள்ள போனா கட்சி மானம் போயிடும்" என்றார். அது நம் வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அப்போதுதான் இவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "மூக்குக்கண்ணாடிய மேசையிலயே விட்டுட்டேன்யா. அது இல்லாம படியில விழுந்துடுவேன். எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். கண்ணாடி இல்லாத மனுஷனை யார் தடுப்பது? கொறடாவும் வழிவிட்டார். இவர் மறதி புதிதல்ல. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளிநடப்புச் செய்தாலும் கண்ணாடி எடுக்க வந்ததாகச் சொல்லித்தான் திரும்பி வருவார்.

நான் மறுபடி மாடத்துக்கு ஏறினேன். உள்ளே போனவர் தேடினார் பாருங்கள், மேசைமேல், இழுப்பறைக்குள், பக்கத்து நாற்காலியின் மெத்தைக்குக் கீழே, கடைசியில் மேசைக்கே அடியில். சபைச் செயலாளர் தலைகளை எண்ணும்போது மேசைக்கு அடியில் தெரிந்த முதுகையும் சேர்த்து எண்ணிவிட்டார். அதற்கு இவர் என்ன செய்வார்? வாக்கெடுப்பில் "எதிர்ப்பவர்கள்?" என்று கேட்டதும், குனிந்திருந்தவர் நிமிர்ந்து "நான் எதிர்க்கிறேன்" என்று கணீரென்று சொன்னார். சபாநாயகர் அசந்துபோய் ஏன் என்று கேட்க, "வண்டிக்கு மட்டும்தானே பாலம் போடறீங்க? நடந்து போறவங்களுக்குப் படி எங்க?" என்றார். மந்திரி படியையும் சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு இவருடையது. முட்டுக்கொடுப்பவர் செய்கிற காரியமா இது?

மசோதா நிறைவேறி அவர் வெளியே வந்தபோது நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. கைப்பிடியைத் தடவித் தடவித் தனியாகப் படியிறங்கினார்.

ஆகவே இவர் கண்ணாடி தேடப் போனாரே தவிர வேறொன்றும் அறியார் என்று சத்தியமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் நீதி தவறாதவர் என்று ஊர் சொல்கிறது. தங்கைக்காகக் கொஞ்சம் தவறினாலும் குறைந்துபோக மாட்டீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
தங்கை.

பின்குறிப்பு: மேலே உள்ளது குழுவுக்கு; இது உங்களுக்கு மட்டும். இந்தத் துண்டைக் கிழித்து எடுத்துவிட்டு, மேலே உள்ளதை மட்டும் குழுவில் வாசியுங்கள். அன்று காலை அவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். அதைக் கொடுக்கத்தான் நான் சபைக்குப் போனேன். அது இல்லாததால்தான் நிகழ்ச்சி நிரலைப் படிக்கவில்லை. மணி அடிக்கும்போது பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து நீட்டினேன். என் கையோடு சேர்த்து அதைப் பைக்குள் தள்ளிவிட்டு, "உங்க அண்ணி உசுரு போற வரைக்கும் ஆம்புலன்ஸ்ல அந்தக் கேட் திறக்கும்னு காத்துக்கிட்டிருந்தாங்க. நான் இந்த ஒரு வாசலத் தாண்ட மாட்டேனா?" என்று என் காதில் மட்டும் சொன்னார். கண்ணாடி இன்னும் என் பையில்தான் இருக்கிறது, அவரும் கேட்கவில்லை. குழு என்னைக் கூப்பிட்டு விசாரித்தால், மேசைக்கு அடியில் கிடைத்தது என்று சொல்லட்டுமா? நீங்களே யோசித்து ஒரு வரி எழுதுங்கள், அண்ணா.