ரசமட்டம் ஓட்டிய ஜீப்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரைக்கும் உள்ள அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, உன் ரத்தக் கொதிப்புக்குக் காரணம் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத்தான் கைகாட்டுவேன். அவர் ரசமட்டம். டாக்டர் என்னை உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பு என்ன செய்தது, பாவம்.

கொத்தனார்கள் தளம் போடும்போது வைத்துப் பார்க்கும் கட்டைக்குத்தான் ரசமட்டம் என்று பெயர். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தளம் சமம். கொத்தனாரிடம் இருக்க வேண்டிய இந்தச் சாமானை ஒரு ஜீப் டிரைவர் இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தால் ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்? ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எங்கள் ஜின்னிங் பேக்டரியில் ஒருவருக்கும் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே குமாஸ்தா. கிராமம் கிராமமாகப் போய்ப் பருத்தி வாங்க வேண்டும். கூட்டிப்போக வேண்டியவர் இந்த மனிதர்.

எஞ்சின் ஆயில் பார்ப்பது மற்ற டிரைவர்களுக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம். இவருக்கு அது பூசை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்து, மேலே ஏறிய எண்ணெய் முழுக்கக் கீழே வடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு பானட்டைத் திறப்பார். அளவுக் கம்பியை உருவி, அதற்கென்றே வைத்திருந்த வெள்ளைத் துணியால் துடைப்பார். அந்தத் துணியை வேறு யாரும் தொடக் கூடாது. கம்பியைத் திரும்பச் செருகி, திரும்ப உருவுவார். அதோடு விட்டாரா? வண்டியில் வந்த ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் கம்பியை நீட்டி, எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று நம் வாயாலேயே சொல்ல வைப்பார். முதலாளியே சொல்லியிருக்கிறார். சும்மா தலையாட்டினால், "பாக்காம ஆட்டுதீயளே தம்பி" என்று மறுபடியும் துடைக்கப் போய்விடுவார்.

கரிசல் காட்டில் சமதளத்துக்கு எங்கே போவது? கோடையில் வெடித்துக் கிடக்கும் மண், மழையில் உப்பிக்கொண்டு நிற்கும். எட்டயபுரத்தில் அருமையான ஓட்டல் ஒன்று இருந்தது. அதன் வாசல் சரிவு என்பதால் ஜீப் அங்கே நிற்காது. ஊரைத் தாண்டி ஒரு பஞ்சர் கடை முன்னால் சிமெண்டுத் தரை, அங்கேதான் நிற்கும். ஓட்டலில் பூரி பொரியும் வாசனையைத் தாண்டிவந்து, டியூபை ஒட்டுகிற ரப்பர் வாசனையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் பட்டினியாக நின்றிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒரு மழைக்காலத்தில் ஜீப் சேற்றில் புதைந்து, மாடு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. முதலாளிக்கு அவமானம் தாங்கவில்லை. வண்டியை உயர்த்து என்றார். பட்டறையில் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டைகள் போட்டு உயர்த்தினார்கள். அதுவும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகமாக உயர்த்திவிட்டார்கள். வண்டி குனிந்து எதையோ தேடுவதுபோல் நின்றது. ஏறுவதற்கு ஸ்டூல் வேண்டும். எஞ்சினே சாய்ந்துவிட்டதால் சமதளத்தில் நிறுத்தினாலும் ஆயில் அளவு சரியாகத் தெரியாது. அதற்கு ரசமட்டம் இரண்டு பனம்பலகைகள் வாங்கி, ஆயில் பார்க்கும் போதெல்லாம் முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினார். பூசை இரண்டு மடங்கு நீண்டது.

போதாததற்கு, கொஞ்சம் வேகம் எடுத்தாலே வண்டி கடலை வறுக்கிற சட்டி மாதிரி குலுங்கியது. முதலாளியின் பல்செட்டு ஒருமுறை கழன்று மடியில் விழுந்தது. எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற ஷாப்டு இரண்டு நுனியிலும் ஒரே சாய்வில் நிற்க வேண்டுமாம். உயர்த்தியதில் அது கெட்டுவிட்டதாம். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் சாய்வான இரும்பு ஆப்பு வைத்தால் நேராகிவிடும் என்று சொல்லிவிட்டு, ரசமட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாகைமானியோடு வண்டிக்கு அடியில் குடியேறினார். சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே நீட்ட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் மன்னித்திருப்பேன். என் நிச்சயதார்த்தத்தில் அவர் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பெண் விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். பருத்தி வாங்கப் போனபோது பார்த்திருந்தேன். எங்கள் தராசு முள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப நிறுங்கள் என்று சொன்னவள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பாவோ நேரம் காலம் பார்க்கிறவர். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாம்பூலம் மாற்றியாக வேண்டும், தவறினால் சாத்தூரில் இன்னொரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறான் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஐப்பசி மழை. பஸ் போகாது. முதலாளி ஜீப்பைக் கொடுத்தார். என் அம்மா குலுங்கக் கூடாது என்று முந்தின நாள்தான் ரசமட்டம் ஆப்புகளை வைத்து முடித்திருந்தார். பஞ்சர் கடையில் வழக்கமான பூசை. பட்டுச் சேலையோடு அம்மாவும் கம்பியைப் பார்த்து, நடுவில் நிற்கிறது என்று சொன்னாள். அதைத் தாண்டியதும் வண்டி முன்னைவிட மோசமாக உதறியது. தாம்பாளத்துத் தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ரசமட்டம் இறங்கி வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"தம்பி, ஆப்புல தடிச்ச பக்கம் முன்னால வந்துட்டு."

யார் வைத்தது என்று கேட்டேன்.

"நாந்தான். மல்லாக்கப் படுத்துப் பாத்தா முன்னது பின்னதாத் தெரியும்லா."

வருத்தம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தச் சேற்றில் ஜாக்கி புதைந்தது. பலகையைப் போட்டுத் தூக்கி, போல்ட்டுகளைக் கழற்றி, ஆப்புகளைத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது. அதனால் எனக்கு என்ன லாபம்? போய்ச் சேரும்போது ராகு காலம் தொடங்கிவிட்டது.

பெண்ணின் அப்பா வாசலில் நின்றார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நேரம் தவறிட்டு. வந்ததுக்குச் சாப்ட்டுட்டுப் பொறப்படுங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையைக் குழிதோண்டிப் புதைத்தவரோ, வீட்டு முன்னால் மிளகாய் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் மண்டியிட்டு ரசமட்டக் கட்டையை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஆயில் பார்க்க இடம் தேடுகிறாராம். கழுத்தை நெரித்துவிடலாம் என்று நான் போனபோது அவர் தலையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, இந்தக் களம் வீட்டப் பாத்துல்லா சாயுது."

பெண்ணின் அப்பா அப்படியே நின்றுவிட்டார். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

விஷயம் இதுதான். அந்தக் களத்தைப் போட்டுக் கொடுத்தவர் அவருடைய சொந்தத் தம்பி. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று இவர் சொல்ல, களம் சரியாகத்தான் இருக்கிறது, அண்ணனுக்குத்தான் மண்டை சரியில்லை என்று தம்பி சொல்ல, ஊரும் தம்பி பக்கமே பேச, அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. இப்போது தம்பிக்கு ஆள் போயிற்று. தம்பி வந்து, களத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தார். குமிழி வீட்டுக்கு எதிர்ப்பக்கமே ஒதுங்கி நின்றது, அசைந்து கொடுக்கவில்லை. ஊரே வரிசையில் வந்தது. ரசமட்டம் விடுவாரா? குமிழி எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொருவரையும் வாயால் சொல்ல வைத்தார். தலையாட்டியவர்களைத் திரும்பவும் வரிசையில் நிற்கச் சொன்னார்.

மாப்பிள்ளை என்று ஒருவன் வேட்டி நனைந்து ஓரமாக நிற்கிறானே, அவனை ஒரு ஆள் பார்க்க வேண்டுமே. கிடையாது. கடைசி ஆள் பார்த்து முடித்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. ராகு காலமும் போய்விட்டது. கல்யாணத்துக்குள் களத்தைப் பெயர்த்துப் போட்டுத் தருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டார். பெண்ணின் அப்பா முகமெல்லாம் பல்லாக எங்களைத் தேடி வந்து, இன்னும் ஏன் நிற்கிறீர்கள், தட்டை எடுங்கள் என்றார். என் நிச்சயதார்த்தம் களத்துப் பஞ்சாயத்தின் கடைசி அயிட்டமாக நடந்து முடிந்தது.

கல்யாணம் முடிந்து கிளம்பும் நாளில், அந்த உயரமான ஜீப்பில் என் மனைவி ஏறுவதற்காக ரசமட்டம் பனம்பலகைகளை அடுக்கிச் சாக்கு விரித்துப் படி செய்திருந்தார். அவள் ஏறியதும் பேசாமல் வண்டியைக் கிளப்பினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயில் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"காலையிலேயே பாத்தாச்சு. புதுப்பொண்ண வெயில்ல நிறுத்தக் கூடாதுல்லா."

யார் சாட்சி என்று விடாமல் கேட்டேன். யாருமில்லை என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள், "வண்டிய நிறுத்துங்க அண்ணாச்சி. நான் பாக்குதேன்."

நிறுத்தினார். பலகைகளைப் போட்டு முன்சக்கரங்களை ஏற்றினார். எண்ணெய் வடியும்வரை அவள் மாலையோடு வெயிலில் காத்திருந்தாள். அவர் கம்பியை நீட்டியதும் குனிந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, நடுவில்தான் நிற்கிறது என்று சொன்னாள். யாரும் சொல்ல வைக்காமல், அவளாகவே. ரசமட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் தொடக் கூடாத அந்தத் துணியால் கண்ணைத் துடைத்தார். கன்னத்தில் எண்ணெய்க் கோடு விழுந்தது.

புதுமாப்பிள்ளையை நடுரோட்டில் காயப்போட்டுவிட்டு இரண்டு பேரும் ஆயில் பார்த்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. தீர்ந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.