பதினாலாம் மாடிக்குப் போய் வந்தவர்

"மெட்ராஸ்ல அந்தப் பதினாலு மாடிக் கட்டடம் இருக்குதே, நீங்க அதன் உச்சி வரைக்கும் போய் வந்தவர்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன்" என்று தரகர் தாமோதரன் வாசலிலேயே காதைக் கடித்தார். முனியப்பனுக்கு வேட்டி நழுவாத குறைதான்.

"இன்னாய்யா இப்படிப் பண்ணிட்ட? கீழ நின்னு அண்ணாந்து பார்த்தேன், தலை சுத்திச்சு, சோடா குடிச்சிட்டு வந்துட்டேன். அவ்ளோதான்!"

"மாப்பிள்ளை அந்தக் கட்டடத்துலதான் குமாஸ்தா. இப்ப இல்லேன்னு சொன்னா, பொய்க்காரக் குடும்பம்னு எழுந்து போயிடுவாங்க."

தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, கோலார் தங்கச் சுரங்கத்தின் அடிமட்டத்துக்கே இறங்குகிற மனிதர் முனியப்பன். ஆனால் மேலே என்றால் ஆகாது. கூரையில் ஓடு மாற்றக்கூட மனைவி ஜெயம்மாதான் ஏணியில் ஏறுவாள். மகள் மாலாவோ இதுவரை வந்த வரன்களையெல்லாம் உதட்டைப் பிதுக்கியே துரத்தியவள். இந்தப் பையனின் போட்டோவைப் பார்த்துத்தான் முதல்முறையாகச் சிரித்தாள். அதைக் கெடுக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்?

மாப்பிள்ளை வாசுவும் அவன் தாய் ராஜமும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ராபர்ட்சன்பேட்டை மிக்சரை ஒரு கை அள்ளியதுமே ராஜம் கேட்டுவிட்டாள்.

"மேல எப்படிங்க இருந்துச்சு?"

பாவம், முனியப்பனுக்குத் தெரிந்தது ஒரே பயணம். அதையே திருப்பிப் போட்டு மேலே ஏற்றினார்.

"கேஜ்காரன் மணி அடிச்சான். குபுக்குனு தூக்கிச்சு. காது அடைச்சுப் போச்சு."

"அடைக்குங்க மாமா" என்றான் வாசு.

அந்த 'மாமா'வில் முனியப்பன் குளிர்ந்துபோனார். துணிச்சலும் வந்துவிட்டது.

"போகப் போக ஒரே சூடு. உச்சியில சட்டையையே கழட்டிட்டேன்."

ஜெயம்மா அவர் தொடையைக் கிள்ளினாள். வாசு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"ரொம்பச் சூடுங்க மாமா."

"கும்மிருட்டு வேற. கையில லைட்டு இல்லாம ஒரு அடி வைக்க முடியாது."

"எப்படிங்க வைக்க முடியும்?"

"சுவரெல்லாம் தண்ணி ஒழுகிச்சு. பம்ப்பு வெச்சு எறைச்சிக்கினு இருந்தாங்க!"

தாமோதரன் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே மாலா களுக்கென்று சிரிப்பது கேட்டது. வாசுவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப் போயிருந்தது.

தொலைந்தோம், இந்தச் சம்பந்தமும் நம் வாயாலேயே போயிற்று என்று முனியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜம் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போதும் சம்பந்தி, புள்ளையை இன்னும் பயமுறுத்தாதீங்க. வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து கிரவுண்டு புளோரை விட்டு ஏறாதவன், இப்ப பதினாலாம் மாடிக்கு மாத்திட்டாங்க. அதனாலதான் தைரியமான மாமனாரா தேடிக்கினு கோலார் வரைக்கும் வந்தோம், முதல் நாள் நீங்கதான் இவன் கையைப் புடிச்சு மேல கூட்டிப் போவணும்!"