கம்ப்யூட்டர் போட்ட மேசை

“எல்லாருக்கும் ரெண்டே ரெண்டு மேசையா தம்பி?” என்றார் கன்னையா, கம்ப்யூட்டர் தாளைத் தூக்கிப் பிடித்தபடி.

வாசுவுக்கு வியர்த்துவிட்டது. அவன் கோலாலம்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் புரோகிராமர். கன்னையா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்; வாசுவின் அப்பா பெயரும் கன்னையாதான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பிரியம். அவர் மகள் ரமணியைக் கட்டிக்கொள்ள வாசு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

ரமணியின் அண்ணனுக்குக் கிள்ளானில் கல்யாண விருந்து வந்தது. போன விருந்தில் யார் எங்கே உட்காருவது என்று நாற்காலி பறந்ததாம். இந்த முறை சண்டை வராமல் மேசை பிரித்துக் கொடுத்தால், குடும்பத்தில் எதற்கும் கடைசிச் சொல் சொல்லும் தன் அக்கா வீரம்மாவிடம் வாசுவுக்காகப் பேசுவதாகக் கன்னையா வாக்குக் கொடுத்திருந்தார்.

வாசு அன்றைக்கே புரோகிராம் எழுதினான். சங்கதி எளிது. எது பொதுவோ அதை ‘கீ’ என்று சொல்லிவிட்டால், கீ ஒன்றாக இருப்பவர்களைக் கம்ப்யூட்டர் ஒரே மேசையில் சேர்த்துவிடும். பெயரில் இரண்டாவதாக வருவது குடும்பப் பெயர் என்று அமெரிக்கப் புத்தகம் சொன்னது. நம் அடையாளக் கார்டில் இரண்டாவதாக வருவது இன்னார் மகன் என்பதற்கான ஏ/எல், பெண்களுக்கு ஏ/பி. புத்தகம் எழுதியவர் பாவம், கிள்ளான் பக்கம் வந்ததே இல்லை. ஆண்கள் அத்தனை பேரும் ஒரு குடும்பம், பெண்கள் அத்தனை பேரும் இன்னொரு குடும்பம் என்று தாள் அடித்துச் சொன்னது.

“சின்ன மிஸ்டேக் அங்கிள். சரி பண்ணிடுறேன்லா.”

அடுத்து அப்பா பெயரைக் கீயாக்கினான். அண்ணன் தம்பி, அக்கா தங்கையெல்லாம் அழகாகச் சேர்ந்தார்கள். பெண்டாட்டிகள்தான் புருஷன்களை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டு மேசைக்குப் போய்விட்டார்கள். கன்னையாவின் மனைவி காமாட்சியும் அவள் அண்ணன்மாரோடு போய்விட்டாள். போதாததற்கு, ஒருவரையொருவர் அறியாத ஏழெட்டுப் பெருமாள்களின் பிள்ளைகள் கூடப் பிறந்தவர்களாகி ஒரு பெரிய மேசையை நிறைத்தார்கள்.

“கல்யாணம் பண்ணி வைக்கிற வீட்டுல ஊரு புருஷன் பொண்டாட்டியையெல்லாம் பிரிச்சு வச்சிருக்க. அக்கா பார்த்தா என் தோலை உரிச்சிடுவாங்க,” என்றார் கன்னையா.

டெலிபோன் நம்பரைப் பிடித்தான் வாசு. ஒரு வீடு, ஒரு நம்பர், ஒரு மேசை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தாள் வந்தது. மளிகைக்கடை ராதாகிருஷ்ணனின் குடும்பத்தில் குவார்ட்டர்ஸ் முழுவதும் இருந்தது. வீட்டில் போன் இல்லாதவர்களெல்லாம் அவர் கடை நம்பரைக் கொடுத்திருந்தார்கள். போன் வந்தால் கூப்பிட்டுவிட்ட பாவத்துக்கு மனுஷனுக்கு இப்படி ஒரு சம்சாரம்.

அவர் மேசையை மட்டும் வாசு கையால் பிரித்து எழுதினான். இப்போது எல்லாம் கச்சிதமாக இருந்தது. கன்னையா முதல் தடவையாகச் சிரித்தார்.

விருந்தன்று மண்டப வாசலில் மேளச் சத்தமும் ரமணியின் பச்சைப் புடவையும் வாசுவைக் கிறுகிறுக்க வைத்தன. பழைய தாளும் புதிய தாளும் ஒரே பையில் இருந்தன. அவன் எடுத்து ஒட்டியது அப்பா பெயர்த் தாளை. அது தெரிய வந்தபோது சனம் உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று.

உள்ளே ஒரே கூச்சல். நாற்காலி பறக்கிறது என்றே நினைத்து ஓடினான். பறக்கவில்லை. பந்திங், டெங்கில் என்று ஆளுக்கொரு திசையில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கைகள், மாமியார் கண்ணில் படாமல் ஒன்றாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காமாட்சிக்கு அவள் அண்ணன் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பெருமாள் மேசையில் புதுச் சகோதரர்கள் தாளம் போட்டுப் பாடினார்கள். வாசுவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கன்னையா அவன் கையைப் பிடித்து அக்காவிடம் இழுத்துப் போனார்.

“அக்கா, மேசை போட்ட பையன் இவன்தான். நம்ம ரமணியை இவனுக்கே கொடுத்திடலாம்னு பார்க்கிறேன்.”

வீரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசுவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

“வாசல் தாளைப் படிச்சிட்டுத்தான் வந்தேன். ‘ரமணி ஏ/பி கன்னையா’, அதுக்குக் கீழேயே ‘வாசு ஏ/எல் கன்னையா’ன்னு இருக்கு. உனக்கு இப்படி ஒரு மகன் இருக்கிறது காமாட்சிக்குத் தெரியுமாடா?”